ரேட்டிங் நின்னா ஆட்டமும் நின்னுடுச்சா?

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏலம் பார்த்தவங்களுக்கு ஆன்லைன் செஸ் ரேட்டிங்கை விளக்குவது சுலபம். தராசு காட்டும் எடை அந்த மூட்டைக்குச் சொந்தம். விலை அப்படி இல்லை. அன்னைக்கு வேற எத்தனை மூட்டை வந்திருக்கு, எவ்வளவு நல்ல விரலி வந்திருக்கு என்பதைப் பொறுத்து அது மாறும். ரேட்டிங் என்பது எடை இல்லை, விலை.

இதை எழுதக் காரணம் எங்க ஊர்த் தம்பி ஒருத்தன். ராத்திரி கடை மூடின பிறகு போனில் லிச்செஸ்ல ஆடுவான். "ஒரு வருசமா 1400லயே நிக்கறேன் ணா. காசு கட்டி கோச்சிங் சேரட்டுமா, இல்ல விட்டுரட்டுமா?"ன்னு கேட்டான். பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்த எண் எப்படி உருவாகுதுன்னு பார்க்கணும்.

அடிப்படை, அர்பத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் உருவாக்கிய முறை. ஃபிடே 1970-ல் அதை ஏற்றது. அதன் கணக்குப்படி, எதிராளியை விட 100 புள்ளி கூடுதலாக இருப்பவர் 100 ஆட்டத்தில் சுமார் 64 புள்ளி எடுப்பார். 200 கூடுதல் என்றால் 76. லிச்செஸ் பயன்படுத்துவது மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ-2. அதில் எல்லாரும் 1500-ல் தொடங்குவாங்க. ரேட்டிங்கோடு, அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்ற கணக்கும் சேர்ந்தே ஓடும். புதுக் கணக்கில் ஒரே ஆட்டத்துக்கு எண் எகிறிக் குதிக்கும். நிறைய ஆடின பிறகு, சமமான ஆளை ஜெயிச்சா ஐந்தாறு புள்ளிதான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். தளம் உங்களுக்குச் சமமான ஆளைத்தான் ஜோடி சேர்க்கும். அதனால பாதி ஆட்டம் தோற்பீங்க. நல்லாக் கத்துக்கிட்டா கொஞ்ச நாள் கூடுதலா ஜெயிப்பீங்க, ரேட்டிங் ஏறும், எதிராளியும் பலமாவார், மறுபடி பாதிக்குப் பாதி. 1200-லும் 2200-லும் மனசுக்குத் தெரியறது ஒண்ணுதான்: "பாதி தோக்கறேன்." கூடவே, உங்களோட ஆடுறவங்களும் கத்துக்கிட்டே இருக்காங்க. எல்லாரும் வளரும் கூட்டத்தில் ஒரே இடத்தில் நிற்பதுக்கே வளரணும்.

அதிர்ஷ்டக் கணக்கும் உண்டு. சமமான ஆட்களோடு, டிரா இல்லாமல் 20 ஆட்டம் ஆடினால், 13 அல்லது அதுக்கு மேல் தோற்க எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கு. ஆட்டத்துக்கு ஆறு புள்ளின்னா 36 புள்ளி காலி. திறமை துளியும் குறையாமலே இது நடக்கும். ஒரு வாரத்து இறக்கத்தை வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது.

அடுத்தது பாணி. "நான் அட்டாக்கிங் பிளேயர்"னு தம்பி சொல்வான். ஆடுறதெல்லாம் மூணு நிமிஷ ஆட்டம். 40 நகர்த்தலுக்கு 180 விநாடி, ஒண்ணுக்கு நாலரை விநாடி. தாக்குறவனை விட தடுக்குறவனுக்குத்தான் யோசிக்க நேரம் வேணும். அதனால் அரைகுறைத் தாக்குதலும் பலிக்கும். அவன் பாணின்னு நினைக்கிறதில் பாதி, கடிகாரம் கொடுத்தது.

சூழல் பாணியைச் செதுக்கும் என்பதுக்கு நம்ம ஆனந்தே சாட்சி. சென்னை டால் செஸ் கிளப்பில் வேக ஆட்டத்தில் தோத்தவர் எழுந்து வரிசைக்குப் போகணும், ஜெயிச்சவர் உட்கார்ந்து ஆடலாம். அங்கே ஆடி வளர்ந்த பையனைப் பிற்பாடு உலகமே மின்னல் வேகத்துக்காகப் பேசியது. 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரும் ஆனார்.

அப்போ வளர்ச்சியை எங்கே பார்க்கிறது? தோல்விகளில். தம்பியோட கடைசி 30 தோல்வியை ரெண்டு பேரும் பிரிச்சோம்: காயைச் சும்மா கொடுத்தது, நேரம் தீர்ந்தது, ஓப்பனிங்கில் சிக்கியது, கடைசிக் கட்டத்தில் விட்டது. ஓப்பனிங்கில் போனது ரொம்பக் குறைவு. அவன் சேர நினைத்த கோச்சிங்கோ முழுக்க ஓப்பனிங்.

கடைசிக் கட்டத்தில் ஒரு உதாரணம். ராஜாவும் ஒரு சிப்பாயும் எதிராளியின் தனி ராஜாவுக்கு எதிரே. ஓரத்துச் சிப்பாயாக இல்லாமல், உங்க ராஜா ஆறாவது வரிசையில் சிப்பாய்க்கு முன்னால் நின்னுட்டா, நகர்த்தல் யாருடையதா இருந்தாலும் ஜெயம். இது தெரிஞ்சவன் பத்து நகர்த்தலுக்கு முன்னாடியே தைரியமா யானையை மாத்திக்குவான். இந்த மாற்றம் ரேட்டிங்கில் தெரிய மாசக்கணக்காகும். ஆட்டத்தில் அன்னைக்கே தெரியும்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். காசு கட்ட வேண்டாம். லிச்செஸ்ல புதிர்களும் கணினி அலசலும் இலவசம். பத்து நிமிஷம், நகர்த்தலுக்கு அஞ்சு விநாடி கூடுதல் என்ற ஆட்டத்துக்கு மாறு. தோத்த ஆட்டத்தை முதலில் நீயே பார், அப்புறம் கணினியைக் கேள். மூணு மாசம் கழிச்சு அடுத்த 30 தோல்வியை அதே நாலு வகையாப் பிரி. எண் 1400-லயே இருந்தாலும் சும்மா கொடுத்த காய் பாதியாக் குறைஞ்சிருந்தா, நீ நிக்கல.