விதிப்படி ஓடிய ரயில்

ஜப்பானில் ஓட்டுநர்களும் பயணிகளும் மோதிக்கொண்ட கதை

1973 மார்ச் 13. டோக்கியோவுக்கு வடக்கே, சைதாமா மாநிலத்தில் உள்ள அகெயோ ரயில் நிலையம். வேலைக்குப் போகும் நேரம். நடைமேடையில் பல ஆயிரம் பேர் நெருக்கியடித்து நிற்க, வரவேண்டிய வண்டிகள் வரவில்லை. ஒருவழியாக வந்த வண்டியும் ஏற்கெனவே பிதுங்கி வழிந்தது. போதாக்குறைக்கு அது தொலைதூர எக்ஸ்பிரஸுக்கான வண்டி. பெட்டிக்கு ஒரு பக்கம் இரண்டே கதவுகள். ஏற முடியாதவர்களின் ஆத்திரம் ஓட்டுநர் மேல் பாய்ந்தது. அவர் இறங்கித் தப்பி நிலைய அலுவலகத்துக்குள் ஓடினார். கற்கள் பறந்தன, கண்ணாடிகள் நொறுங்கின. ரயில்கள் பல மணி நேரம் ஓடவில்லை.

இத்தனைக்கும் அன்று வேலைநிறுத்தம் இல்லை. ஓட்டுநர்கள் விதிப்புத்தகத்தில் இருந்தபடி, இம்மி பிசகாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதுதான் போராட்டமே.

உரிமை இல்லாதவர்களின் ஆயுதம்

1948 ஜூலையில், ஜப்பானை நிர்வகித்துவந்த அமெரிக்கத் தளபதி மக்கார்தர் அந்நாட்டுப் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையடுத்து அரசு ஊழியர்களின் வேலைநிறுத்த உரிமை பறிபோனது. அடுத்த ஆண்டு உருவான தேசிய ரயில்வேக்கும் அதே தடை. தனியார் ரயில் கம்பெனி ஓட்டுநர் சட்டப்படி வேலைநிறுத்தம் செய்யலாம். அரசு ரயிலை ஓட்டுபவர் செய்தால் வேலை போகும்.

அதனால் பிறந்ததுதான் 'விதிப்படி வேலை'. 1962இல் டோக்கியோவின் மிகவாஷிமாவில் நடந்த ரயில் விபத்தில் 160 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு விதிகள் இறுகின. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வண்டி விடும் தடத்தில் ஒவ்வொரு விதிக்கும் நின்று நிதானித்தால் அட்டவணை தாங்காது. ஓட்டுநர்கள் அனுபவத்தைக் கொண்டு அதைச் சமாளித்துவந்தார்கள். நிர்வாகமும் கண்டும் காணாமல் இருந்தது. ஓட்டுநர் சங்கமான தோரோ, அந்த விட்டுக்கொடுத்தலைத்தான் நிறுத்தியது. சிறிது சந்தேகம் வந்தாலும் வேகம் குறைந்தது. விதியை மதித்தவரை எந்த மேலதிகாரி தண்டிக்க முடியும்?

தண்டனை பயணிக்குப் போய்ச் சேர்ந்தது. தலைநகரில் வீட்டுக்கு வழியில்லாமல் புறநகருக்கு நகர்ந்த குடும்பங்களால் அகெயோ போன்ற ஊர்கள் வீங்கியிருந்தன. அந்த வேகத்துக்கு ரயில்கள் கூடவில்லை. சாதாரண நாளிலேயே மூச்சுமுட்டும் பயணம். நெரிசலைத் தீர்க்காத நிர்வாகமும் உரிமையைத் தராத அரசும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தன. கண்ணுக்கு எதிரே இருந்தவர் ஓட்டுநர்.

ஏப்ரல் 24 மாலை மறுபடியும் வெடித்தது. அகபானேயில் தொடங்கிய கலவரம் உவேனோ, ஷின்ஜுகு என்று டோக்கியோவின் பெரிய நிலையங்களுக்குப் பரவியது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள்.

எட்டு நாள் நின்ற ரயில்

இதற்குப் பிறகும் சங்கங்கள் பின்வாங்கவில்லை. வேலைநிறுத்த உரிமைக்காகவே ஒரு வேலைநிறுத்தம் அறிவித்தன. 1975 நவம்பர் 26 முதல் டிசம்பர் 3 வரை, எட்டு நாள், தேசிய ரயில்வே ஏறக்குறைய முழுவதுமாக முடங்கியது. சரக்கு வராமல் சந்தை காலியாகும், அரசு இறங்கிவரும் என்பது சங்கங்களின் கணக்கு. ஆனால் காய்கறியை லாரிகள் கொண்டுவந்து சேர்த்தன. பயணிகளில் பலர் தனியார் ரயிலில் வேலைக்குப் போனார்கள். பிரதமர் மிகி தாகெயோ மசியவில்லை. போராட்டம் வெறுங்கையோடு முடிந்தது. ரயில்வே நிர்வாகம் சங்கங்களிடம் 2,020 கோடி யென் நஷ்டஈடு கேட்டு வழக்கும் போட்டது.

அரசு ரயில் இல்லாமலும் நாடு ஓடும் என்பதைச் சங்கங்களே எட்டு நாளில் காட்டிக்கொடுத்துவிட்டன. 1987 ஏப்ரல் 1 அன்று தேசிய ரயில்வே துண்டாக்கப்பட்டுத் தனியார்மயமானது. கடன் சுமை அதற்கு முதல் காரணம்தான். ஆனால் அதை எதிர்த்துச் சங்கங்கள் குரல் கொடுத்தபோது, அவர்களோடு வந்து நிற்கப் பயணிகள் முன்வரவில்லை. அந்தப் பகை நடைமேடையில் எப்போதோ விதைத்தாகிவிட்டது.

கட்டணம் வாங்காத பேருந்து

2018இல் ஒகயாமா நகரப் பேருந்து ஓட்டுநர்கள் வேறொரு வழி கண்டார்கள். குறைந்த கட்டணத்தோடு போட்டிக் கம்பெனி ஒன்று நுழைய, அவர்கள் வேலைக்கு உத்தரவாதம் கேட்டார்கள். பேருந்தை நிறுத்தவில்லை, கட்டணப் பெட்டியை மூடிவிட்டு ஓட்டினார்கள். பயணிக்குச் சேதமில்லை, முதலாளிக்கு வருமானமில்லை. பல நாடுகளில் இந்தச் செய்தி ரசித்துப் படிக்கப்பட்டது.

எல்லா இடத்திலும் இது நடக்காது. பயணச்சீட்டைக் கதவிலும் இயந்திரத்திலும் சரிபார்க்கும் ரயிலில், கட்டணத்தை விடுவது ஓட்டுநரின் கையில் இல்லை. மாதச் சீட்டு எடுத்தவரிடம் வாங்காமல் விடுவதற்கும் ஒன்றுமில்லை. வேலையை நிறுத்துவதுதான் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு மிச்சமுள்ள வழி. அதைச் சட்டம் போட்டுத் தடுத்தால் சண்டை தீர்ந்துவிடாது என்பதற்கு அகெயோ சாட்சி. பேச்சுவார்த்தை மேசையில் முடிந்திருக்கவேண்டிய தகராறு, நடைமேடைக்கு இறங்கிவந்து, ஒருவரையொருவர் நோகடிக்க எந்தக் காரணமும் இல்லாத இரண்டு கூட்டத்தாரை மோதவிட்டது.

சங்கங்களுக்கும் இதில் பாடம் உண்டு. தாமதமாகும் ஒவ்வொரு வண்டியிலும் இருப்பவர் யார் பக்கம் சாய்வார் என்பதைப் போராட்டம் தொடங்கும் முன்பே யோசித்தாக வேண்டும். கூடுதல் வண்டியும் குறைந்த நெரிசலும் பயணிக்கு எவ்வளவு தேவையோ, ஓட்டுநருக்கும் அவ்வளவு தேவை. தோரோவின் கோரிக்கைப் பட்டியலில் அகெயோ பயணியின் குறையும் முதல் வரியாக இருந்திருந்தால், அன்றைய கோபம் ஓட்டுநர் அறையைத் தாண்டி நிர்வாகத்தின் வாசலுக்குப் போயிருக்கக்கூடும்.