தோல்வி கண்ட சபைத்தலைவர்

கோயம்புத்தூர் நகரம் நூற்பாலைகளால் புகழ் பெற்றது. அந்நகரத்து வணிகக் குடும்பம் ஒன்றில் 1892 ஆம் ஆண்டு பிறந்த ஆர். கே. சண்முகம் செட்டியார், 1933 ஆம் ஆண்டில் தில்லி மத்திய சட்டசபையின் தலைவரானார். தலைவர் என்னும் சொல் இங்கு நாட்டின் தலைவரைக் குறிப்பதன்று. இக்காலத்தில் சபாநாயகர் என்று நாம் வழங்கும் பதவிக்கே அந்நாளில் அப்பெயர் இருந்தது. இந்தியர் ஒருவர் அச்சபையில் அடையக்கூடிய மிக உயர்ந்த இருக்கை அது. அடுத்த ஆண்டே பொதுத்தேர்தல் வந்தது. அதில் அவர் தோற்றார்.

அவர் திறமையற்றவராக இருந்ததனால் தோற்றார் அல்லர். சட்டம் பயின்ற அவர், 1917 இல் கோவை நகரசபையில் உறுப்பினராகிப் பொதுவாழ்வைத் தொடங்கினார். 1920 இல் சென்னைச் சட்டசபைக்கும், 1924 இல் மத்திய சட்டசபைக்கும் சென்றார். தில்லியில் அவர் சுயராச்சியக் கட்சியைச் சேர்ந்தவர். சட்டசபைக்கு உள்ளே புகுந்து, அங்கிருந்தே அந்நிய ஆட்சியை எதிர்ப்பது அக்கட்சியின் கொள்கை. பொருளாதாரத்தில் அவருக்கிருந்த தேர்ச்சியை எதிர்க்கட்சியினரும் ஒப்புக்கொண்டனர்.

அச்சபை எத்தகையது என்பதை அறிந்தால்தான் பின்னர் எழுந்த பூசல் விளங்கும். சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்குரிமை இருந்தது. உழவுத்தொழிலாளரும் ஆலைத்தொழிலாளரும் பெரும்பாலும் வாக்காளர் பட்டியலில் இடம்பெறவில்லை. சபை மறுத்த சட்டத்தையும் வைசிராய் தம் அதிகாரத்தால் நிறைவேற்றலாம். இத்தகைய சபையில் அமர்ந்து பேசுவதனால் பயன் உண்டா? உண்டு என்றனர் சிலர். கிடைத்த சிறு வாயிலையும் அடைத்துவிட்டால் ஆட்சிமுறையை எங்கே பயில்வது என்பது அவர்கள் வாதம். வெளியேறுவதே தன்மானம் என்றனர் மற்றவர். இரண்டு வாதங்களிலும் உண்மை இருந்தது. இன்று திரும்பிப் பார்ப்பவர் ஒன்றை மட்டும் எளிதிற் பழித்துவிடுகின்றனர்.

1930 இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. காங்கிரசு சட்டசபைத் தேர்தலைப் புறக்கணித்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். சண்முகம் செட்டியாரோ சபையிலேயே இருந்தார். 1931 இல் துணைத்தலைவரானார். 1932 இல் கானடா நாட்டு ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் பேரரசைச் சேர்ந்த நாடுகளின் வாணிக மாநாடு கூடியபோது, இந்தியக் குழுவில் ஒருவராகச் சென்றார். அங்கே உருவான உடன்படிக்கையின்படி பிரிட்டிஷ் சரக்குகள் பலவற்றிற்கு இந்தியாவிலும், இந்தியச் சரக்குகள் பலவற்றிற்கு பிரிட்டனிலும் வரிச்சலுகை கிடைக்கும். உலகெங்கும் வாணிகம் நலிந்திருந்த வேளையில் நம் விளைபொருளுக்குச் சந்தை வேண்டும் என்று அவர் கருதினார். கதரே உயிர் என்று எண்ணிய மக்கள் அக்கணக்கைக் கேட்கும் மனநிலையில் இல்லை.

காங்கிரசு 1934 இல் தேர்தற்களத்திற்குத் திரும்பிற்று. வணிகர்களுக்கென அமைந்த தொகுதியில் சண்முகம் செட்டியாரை எதிர்த்து அக்கட்சியின் சார்பில் சாமி வேங்கடாசலம் செட்டியார் நின்றார். பெருவணிகரே வாக்காளராயிருந்த அத்தொகுதியிலும் காங்கிரசே வென்றது! அத்தேர்தலிலேயே சேலம், கோவை பகுதிகளை உள்ளடக்கிய தொகுதியிலிருந்து, சட்டமறுப்பு இயக்கத்தில் சிறை சென்றவரான தி. சு. அவினாசிலிங்கம் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. கொங்கு நாட்டார் எப்பக்கம் சாய்ந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கற்றறிந்த ஆட்சியாளரை மக்கள் எழுச்சி வீழ்த்துவது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1824 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில், போர்வீரராகிய ஆன்டுரூ ஜாக்சனே மிகுதியான வாக்குகளைப் பெற்றார். ஆயினும் அவர்க்குத் தேவையான பெரும்பான்மை கிட்டாமையால், பிரதிநிதிகள் சபை ஜான் குவின்சி ஆடம்சைத் தேர்ந்தெடுத்தது. மக்களின் முடிவு திருடப்பட்டது என்று ஜாக்சனின் ஆதரவாளர்கள் முழங்கினர். 1828 இல் அவரையே வெற்றி பெறச் செய்தனர். அவர் பதவியேற்ற நாளில் எளிய மக்கள் வெள்ளை மாளிகைக்குள் கூட்டங்கூட்டமாகப் புகுந்தனர். (அந்த மக்கள் தலைவர்தாம் 1830 இல் செவ்விந்தியரை அவர்தம் நிலத்தினின்று அகற்றும் சட்டத்தில் ஒப்பமிட்டவர் என்பதையும் மறத்தலாகாது.) தோல்வியுற்ற ஆடம்சு வீட்டில் முடங்கினாரில்லை. குடியரசுத் தலைவராயிருந்தவர், 1831 இல் பிரதிநிதிகள் சபையின் ஓர் உறுப்பினராக அமர்ந்து, இறுதிநாள் வரை அடிமைமுறைக்கு எதிராக வாதிட்டார்.

சண்முகம் செட்டியாரும் ஓய்ந்திருக்கவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சிச் சமஸ்தானத்தின் திவானாகப் பணிபுரிந்தார். இசைத்தமிழிலும் சிலப்பதிகாரத்திலும் அவருக்கிருந்த ஈடுபாடும் குன்றவில்லை.

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. அமைச்சரவை அமைத்த நேரு, காங்கிரசாருக்கு மட்டுமே இடமளித்திருந்தால் எவரும் வியந்திரார். ஆனால் காங்கிரசைக் கடுமையாக எதிர்த்துவந்த அம்பேத்கர் சட்ட அமைச்சரானார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் காங்கிரசு தேர்தலில் தோற்கடித்த சண்முகம் செட்டியார் நிதியமைச்சரானார். அந்நாளில் நாடு பிரிவினையின் குருதியிலும், அகதிகளின் துயரிலும், உணவுப் பஞ்சத்திலும் தத்தளித்தது. கருவூலத்தின் பொறுப்பு அவர் கையில் வந்தது. அப்பதவியில் அவர் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1948 இல் விலகினார்.

ஆனால் 1947 நவம்பர் 26 ஆம் நாள், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தவர் அவரே. வரவு 171 கோடி ரூபாய். செலவு 197 கோடி ரூபாய். சபைத்தலைவரின் இருக்கையில் அன்று மவ்லங்கர் அமர்ந்திருந்தார். ஒருகாலத்தில் சபைத்தலைவராக வீற்றிருந்த கோவைக்காரர், இப்போது அமைச்சராக எழுந்து நின்று, அவ்விருக்கையை விளித்துத் தம் உரையைத் தொடங்கினார்.