பம்பர் மாற்றப் போகிறீர்களா?

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் பம்பர் என்றால் முலாம் பூசிய எஃகுப் பட்டை. இடித்தால் நசுங்கும், பட்டறையில் தட்டி நிமிர்த்திக் கொடுப்பார்கள். இன்றைய கார்களில் கண்ணுக்குத் தெரிவது பிளாஸ்டிக் உறைதான். தில்லி நெரிசலில் ஓர் ஆட்டோ உரசினாலே அதில் கீறல் விழுகிறது. வேகத்தடையில் அடி தட்டினால் கிளிப்புகள் கழன்று ஒரு பக்கம் தொங்குகிறது. கம்பெனி சர்வீஸ் நிலையம் சொல்லும் விலையில் மலைத்துப்போய், கரோல்பாக், காஷ்மீரி கேட் கடைகளுக்குப் போகிறோம். அங்கே வாங்கும் பம்பர் எவ்வளவு நாள் உழைக்கும்?

ஒன்றை முதலில் தெரிந்துகொள்வோம். இந்த உறையின் பலம் கெட்டியாக இருப்பதில் இல்லை, வளைந்துகொடுப்பதில்தான் இருக்கிறது. கம்பெனிகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் ரப்பர் தன்மையுள்ள பொருளைக் கலந்து இதைச் செய்கின்றன. மெதுவான இடியில் அது உள்ளே அமுங்கி, பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். பலத்த இடியைத் தாங்குவதற்குப் பல கார்களில் உறைக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் ஒன்று உண்டு. உறையை மட்டும் மாற்றிவிட்டு, நெளிந்த சட்டத்தைப் பார்க்காமல் விடுவது ஆபத்து.

வெளிக்கடைப் பம்பர்கள் எல்லாம் ஒரே தரம் அல்ல. நல்ல பிளாஸ்டிக்கில் சரியான அச்சில் வார்த்தவை பல ஆண்டுகள் உழைக்கும். மட்டமான மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்தவை தில்லி வெயிலில் காய்ந்து, குளிர்காலத்தில் சிறு இடிக்கே விரிசல் விடும். ஃபைபர்கிளாஸ் பம்பர் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் வளையாது, இடித்தால் உடையும். நல்ல நிலையில் உள்ள பழைய கம்பெனி பம்பர் கிடைத்தால், மட்டமான புதியதைவிட அதுவே மேல்.

வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பிளாஸ்டிக் என்பதைக் காட்டும் குறியீடு தரமான பம்பரில் பெரும்பாலும் அச்சிலேயே பதிந்திருக்கும். ஓரத்தை மெல்ல வளைத்தால் வெளுக்காமல் திரும்ப வேண்டும். மிக முக்கியமானது, பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே காரில் பொருத்திப் பார்ப்பது. விளக்கு, மட்கார்டு ஓரங்களில் இடைவெளி சீராக இருக்க வேண்டும். துளைகள் பொருந்தாமல் இழுத்து முடுக்கினால், அந்த இழுப்பே ஓடும் அதிர்வில் விரிசலாகும். பின் பம்பரில் பார்க்கிங் சென்சார் துளைகளையும் சரிபாருங்கள். பழைய கிளிப்புகளை மீண்டும் போடாமல் புதியன வாங்குங்கள்; செலவு அதிகமில்லை.

பாலிபுரோப்பிலீனில் பெயிண்ட் எளிதில் ஒட்டாது. பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் அடிக்காவிட்டால் சில மாதங்களில் தோலாக உரியும். விரிசலுக்கும் இதே கதைதான்: சாதாரணப் பசையும் புட்டியும் நிற்காது. அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் வெல்டிங் முறை நெடுநாள் நிற்கும். விரிசல் சிறியதாக இருந்தால் புதுப் பம்பரே வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் உடைகிறதே என்று சிலர் முன்னால் இரும்புக் குழாய் கார்டு மாட்டுகிறார்கள். உரசலில் அது உறையைக் காக்கலாம். ஆனால் பெரிய மோதலில் உறையும் சட்டமும் உள்வாங்க வேண்டிய விசையை நேரே சேசிஸுக்குக் கடத்திவிடும். கம்பெனி வடிவமைத்த முகப்பை வைத்தே ஏர்பேக் எப்போது திறக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கார்டு அந்தக் கணக்கைக் குலைக்கலாம். குறுக்கே வரும் பாதசாரிக்கோ அது இரும்பு உலக்கை. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு மாறானவை என்றும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் மாநிலங்களுக்கு எழுதியது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

இன்ஷூரன்ஸ் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக் பாகத்தின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிப்பார்கள். ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி எடுத்திருந்தால் அந்தக் கழிவு இல்லை. ஆனால் ஒருமுறை கிளெய்ம் செய்தாலும், 20 முதல் 50 சதவீதம் வரை கிடைத்துவந்த நோ கிளெய்ம் போனஸ் பொதுவாகப் போய்விடும். சிறு சேதத்துக்குக் கைக்காசு கொடுப்பதே பல நேரம் லாபம்.

சுருங்கச் சொன்னால், பம்பரின் ஆயுளில் பாதி பிளாஸ்டிக்கின் தரத்தில். மீதிப் பாதி அதைப் பொருத்துபவர் கையில். ஆகவே விலையைப் பேசும் முன் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள்.