லாரி மோதிக் காயமடைந்த உழவர் இழப்பீடு பெறுவது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சரக்கு லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. பால் கேனுடன் சாலையைக் கடக்கும் உழவருக்கு லாரி மோதிக் கால் ஒடிந்தால், அந்தப் போகமே கைவிட்டுப் போகும். உரிய இழப்பீட்டையாவது விடாமல் பெற வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை: லாரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லாரி மோதியதை மருத்துவமனையில் சொல்லிப் பதியச் செய்யுங்கள். முதல் தகவல் அறிக்கை நகலையும் மருந்து ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

மனு: லாரி வெளி மாநிலத்தது என்றாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். 1-4-2022 முதல் இதற்குச் சட்டம் வைத்துள்ள கெடு 6 மாதம்.

வருமானச் சான்று: உழவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? சிட்டா, அடங்கல், நெல் கொள்முதல் ரசீது, பால் சங்கப் புத்தகம் ஆகியவற்றைக் காட்டுங்கள். கால் இழந்த காய்கறி வியாபாரி ஒருவரிடம் வருமானச் சான்று இல்லாதபோதும், மாத வருமானம் 6,500 ரூபாய், உழைப்புத் திறன் இழப்பு 85 சதவீதம் என 2014-இல் உச்ச நீதிமன்றம் கணக்கிட்டது. ஆகவே ஏர் பிடிக்க, நாற்று நட, மூட்டை தூக்க முடியாததை மருத்துவர் சாட்சியத்துடன் விளக்குங்கள்.

எச்சரிக்கை: யார் தவறு என்று பாராமல் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் தர 164-ஆம் பிரிவு வழிசெய்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதை ஒப்புக்கொண்டு பெற்றால், தீர்ப்பாய மனு காலாவதியாகும். எனவே விசாரிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

லாரி நிற்காமல் ஓடிவிட்டால், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தை அணுகுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண்ணில் கேளுங்கள்.