உப்பளக் கரையில் பிள்ளைக்கு எந்த டேப்லெட்?

2021 அக்டோபர் 27 அன்று, உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில், முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொரோனாவால் பள்ளிகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருந்த காலம் அது. உப்பளக் கரையில் தொடங்கிய திட்டமோ ஆளை நம்பியது: ஊரிலேயே படித்த ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம்வரை, ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரையான பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அதன் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இத்திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள். பெருவில் நடந்தது வேறு. அங்கே பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்துவிட்டு 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது, மொழியிலோ கணக்கிலோ முன்னேற்றம் தென்படவில்லை. இரண்டும் ஒரே வகைச் சோதனை அல்ல, நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் சிறு பிள்ளைக்கு எந்த டேப்லெட் வாங்கலாம் என்று கேட்கிற பெற்றோர், கடைக்குப் போகுமுன் இந்த இரண்டு முடிவுகளையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கருவியோடு யார் உட்காரப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மாடலும் விலையும் அதைப் பொறுத்தவை.

வயது குறையக் குறைய இது இன்னும் பொருந்தும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பதினைந்து மாதக் குழந்தைகளுக்குப் பொத்தானை அழுத்தக் காட்டினார்கள். தொடுதிரையில் பார்த்ததைத் தொடுதிரையிலேயே செய்த குழந்தைகள், அதே பொத்தான் நிஜப் பொம்மையில் இருந்தபோது தடுமாறினார்கள். திரையில் கற்றது கைக்கு வந்து சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஏறத்தாழ அதே வரம்பையே வைக்கிறது; ஐந்து முதல் பத்து வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள். ஆக, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எது நல்ல டேப்லெட் என்ற கேள்விக்கு விடை சுலபம்: எதுவும் வேண்டாம்.

மூன்று வயதுக்கு மேல்தான் தேர்வு என்று ஒன்று வருகிறது. டேப்லெட்டை இருவர் சேர்ந்து பார்க்கும் பொருள் என்று நினைத்தால் பல குழப்பங்கள் தீர்ந்துவிடும். பிள்ளைக் கைக்கு அடக்கம் என்று எட்டு அங்குலத்தைக் கடைக்காரர் நீட்டுவார். பாட்டியின் கண்ணுக்கும் பேரனின் கண்ணுக்கும் சேர்த்துப் பார்த்தால், பாயில் படுக்க வைக்கிற பத்து அங்குலமே மேல். ஒலிபெருக்கி நன்றாக இருக்க வேண்டும். ஹெட்போன் பிள்ளையைத் தனியாக்கிவிடும். சிம் போடும் மாடல் தேவையில்லை, வைஃபை மட்டும் போதும். அப்பாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் இருக்கும் தமிழ்க் கதைகளை வாரத்துக்கு ஒருமுறை இறக்கிக்கொள்ளலாம். மற்ற நேரம் இணையம் இல்லாமலே ஓடட்டும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைப் பார்த்த கரை இது; சிக்னலை நம்பி எதையும் வைக்க முடியாது.

மலிவு என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 2011 அக்டோபரில் மத்திய அரசு ஆகாஷ் டேப்லெட்டை அறிமுகப்படுத்தியது. ஏழு அங்குலத் திரை, 256 எம்பி நினைவகம், அழுத்தினால்தான் கேட்கும் பழைய வகைத் தொடுதிரை. மாணவருக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவு என்று உலகமே பேசியது. கையில் வாங்கியவர்கள் மந்தமான திரையையும் சீக்கிரம் இறங்கும் பேட்டரியையும் பற்றிப் பேசினார்கள். ஒருமுறை தொட்டு நகராத படத்தைப் பிள்ளை பத்துமுறை குத்தும், பிறகு விட்டுவிடும். இன்றைக்கும் பெயர் தெரியாத நிறுவனங்களின் ‘கிட்ஸ் டேப்’ இந்த ரகம்தான். நான்கு ஜிபி ராம், மெமரி கார்டு போடும் இடம், இன்னும் சில ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்ற உறுதி, திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ பழுதுபார்க்க ஓர் இடம். இவற்றுக்குக் கீழே இறங்கக் கூடாது.

விளம்பரத்தில் வராத எதிரி உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே கசியத் தொடங்கும். பாத்தியிலிருந்து வந்த கையிலும் சேலையிலும் ஒட்டிய துகள் சார்ஜ் துளைக்குள் போய், ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் உலோக முனைகள் அரிக்கும். ஐபி68 என்ற முத்திரை நன்னீரில் செய்யும் சோதனைக்கானது, உப்புநீருக்கு உத்தரவாதம் அல்ல. விலை குறைந்த டேப்லெட்டில் அதுவும் இருக்காது. துளையை மூடும் தடித்த ரப்பர் உறைக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய் வீண் போகாது. வெயிலும் அப்படியே. ஐபேடை 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் அதைவிடச் சூடு இருக்கும். பகலில் அணைத்து வைத்து, இரவில் சார்ஜ் போடுவது பேட்டரிக்கு நல்லது.

விடியுமுன் உப்பு வாரப் போகிற தாய்க்குப் பக்கத்தில் உட்கார நேரம் ஏது, அந்த நேரத்துக்குத்தானே டேப்லெட் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உட்காருபவர் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, படித்தவராகவும் இருக்க வேண்டாம். எழுத்து தெரியாத பாட்டி “அந்த நரி ஏன்டா ஓடுச்சு?” என்று கேட்டால் போதும், பிள்ளை பதில் தேடத் தொடங்கிவிடும். திரை அப்படிக் கேட்காது. கேட்டாலும் பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்காது. அப்படியானால் போனே போதாதா என்பது இன்னொரு கேள்வி. போதாது என்றே நினைக்கிறேன். வீட்டில் இருக்கும் ஒரே போனில் வேலைக்கான அழைப்பும் வங்கி ஓடிபியும் வரும். விரல் தவறினால் அடுத்தடுத்து வீடியோ ஓடும். டேப்லெட்டை வேலை முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டலாம். அதன் மிகப் பெரிய வசதியே அதுதான். நகரத்துப் பிள்ளை முந்திவிடும் என்ற பயமும் தேவையற்றது. திரையைத் தள்ளப் பழக எந்தப் பிள்ளைக்கும் ஒரு வாரம் போதும்.

கடைசியாகப் பணம். தேறும்படியான பத்து அங்குல டேப்லெட் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். உப்பு எடுப்பு தை, மாசியில் தொடங்கி, ஐப்பசி மழை பிடித்ததும் நின்றுபோகும். அந்த மாதங்களுக்காகத்தான் அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. பன்னிரண்டு மாதத் தவணையில் எடுத்தால் அக்டோபர் முதல் டிசம்பர்வரை கூலி இல்லாமல் தவணை கட்ட வேண்டிவரும். எடுப்பு மும்முரமாக இருக்கும் சித்திரை, வைகாசியில், கையிலிருக்கும் பணத்துக்கு முழுவதுமாக வாங்க முடிந்தால் வாங்கலாம். முடியாவிட்டால் பிள்ளைக்கு ஆறு வயது ஆகும்வரை தள்ளிப்போடலாம். அதனால் பிள்ளைக்கு எந்த இழப்பும் இல்லை.