பழைய துப்பாக்கியை விற்கும் முறை

பயிர்க் காவலுக்கென்று துப்பாக்கி வைத்துக்கொள்வது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுநாளைய வழக்கமாகும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைத்த நிலங்களிற் பல இப்பொழுது தொழிற்பேட்டைகளாக மாறிவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் வருஷத்தில் மோட்டார்க் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-ஆம் வருஷத்தில் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவ்வாறு நிலம் கைமாறிய குடும்பங்களில் காக்க வேண்டிய பயிர் இராது. ஆனால் பாட்டனார் அல்லது தகப்பனார் வாங்கிய துப்பாக்கி மட்டும் பெட்டியிலோ பரண்மீதோ கிடப்பதுண்டு. அதை வைத்திருப்பதும் தொல்லை. லைசென்ஸைப் புதுப்பிப்பதும் தொல்லை. ஆகையால் அதை விற்றுவிடலாம் என்றோ, அவசரத்துக்கு அடகுக் கடையில் வைத்துப் பணம் பெறலாம் என்றோ நினைப்பது இயல்பேயாம்.

இவ்விரண்டில் விற்பது சட்டப்படி இயலும். அடகு வைப்பது இயலாது. இந்த வித்தியாசத்தை அறியாதவர் சில ஆயிரம் ரூபாயை நாடிச் சிறைவாசத்துக்கு உள்ளாக நேரிடும். அதன் காரணத்தையும், விற்பதற்குரிய நேர்வழியையும் ஈண்டு விளக்குவோம்.

அடகு வைத்தல் ஏன் கூடாது

நகையை அடகு வைப்பவர் அதை விற்பதில்லை. பணத்தைத் திருப்பிக் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடனே கொடுக்கிறார். துப்பாக்கியும் அவ்வாறே என்று ஜனங்கள் கருதுகின்றனர். ஆனால் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அப்படிக் கருதவில்லை. 1962-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த அச்சட்டத்தில் 'மாற்றிக் கொடுத்தல்' என்னும் சொல்லுக்கு விரிவான பொருள் கூறப்பட்டுள்ளது. வாடகைக்கு விடுதல், இரவல் கொடுத்தல், இனாமாகக் கொடுத்தல், தன் கைவசத்திலிருந்து பிறர் கைவசத்துக்கு விடுதல் ஆகிய யாவும் அதில் அடங்கும். ஆகவே, அடகுக் கடைக்காரரிடம் துப்பாக்கியைக் கொடுத்த கணத்திலேயே அது மாற்றிக் கொடுத்ததாகிவிடும். பின்னால் மீட்டுக்கொள்ளும் எண்ணம் இருந்தது என்பது குற்றத்தைப் போக்காது.

அடகுக் கடைக்காரருக்கும் இதனால் ஆபத்துண்டு. தமிழ்நாட்டில் அவர் 1943-ஆம் வருஷத்து அடகுக்காரர் சட்டப்படி லைசென்ஸ் பெற்றுத் தொழில் செய்கிறார். அந்த லைசென்ஸ் பொருளை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுப்பதற்கு உரியதேயன்றி, ஆயுதம் வைத்துக்கொள்வதற்கு உரியதன்று. மேலும், தவணை தவறிய அடகுப் பொருளை அவர் பகிரங்க ஏலத்தில் விற்க வேண்டும். பாத்திரத்தையும் நகையையும் ஏலம் கேட்டவர் எவராயினும் எடுத்துச் செல்லலாம். துப்பாக்கியை அவ்வாறு ஏலம் கூறமுடியுமா? அதை வைத்துக்கொள்ள உரிமை பெற்றவரைத் தவிர வேறெவர் கையிலும் அது சேரக்கூடாது என்பதே சட்டத்தின் அடிப்படை.

அமெரிக்காவில் அடகுக் கடைகளில் துப்பாக்கி வாங்குகிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அங்கும் அவ்விதம் வாங்கும் கடைக்காரர் 1968-ஆம் வருஷத்துச் சட்டப்படி மத்திய சர்க்காரிடம் தனி லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். அடகு வைத்தவரே தம் சொந்தத் துப்பாக்கியை மீட்க வந்தாலும், 1993-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அவருடைய பூர்வோத்தரங்களை விசாரித்த பின்னரே திருப்பிக் கொடுக்கலாம். துப்பாக்கியை மற்றப் பண்டங்களோடு ஒன்றாக எண்ணும் வழக்கம் அங்கும் இல்லை.

லைசென்ஸ்தாரர் தாமே விற்கும் முறை

முதலாவதாக, லைசென்ஸ் புஸ்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் காலாவதித் தேதி, துப்பாக்கியின் இனம், அதன்மீது பொறித்துள்ள நம்பர், லைசென்ஸ் செல்லுபடியாகும் எல்லை ஆகிய நான்கும் கவனிக்கத்தக்கவை. லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அப்பொழுது விற்பனையைப் பற்றி யோசிக்குமுன், கீழே கூறியுள்ளபடி அதை ஒப்படைத்துவிட வேண்டும்.

இரண்டாவதாக, வாங்குபவர் யார் என்பதை நிச்சயம் செய்ய வேண்டும். அவர் அந்த இனத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் பெற்ற தனி மனிதராகவோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியாகவோ இருத்தல் அவசியம். சென்னையில் இத்தகைய வியாபாரிகள் உள்ளனர். வாங்குபவரின் லைசென்ஸை நேரில் பார்த்து, அதன் பிரதியொன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சொந்த உபயோகத்துக்காக வைத்திருந்த துப்பாக்கியை விற்பவருக்குத் தனியாக வியாபார லைசென்ஸ் தேவையில்லை.

மூன்றாவதாக, விற்கும் எண்ணத்தையும், வாங்குபவரின் பெயர் விலாசங்களையும் குறித்து, மாவட்ட மாஜிஸ்திரேட்டான கலெக்டருக்கோ, அருகிலுள்ள போலீஸ் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவித்த பின் 45 நாட்களுக்குக் குறையாமல் காத்திருத்தல் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் விதிக்கப்பட்டுள்ளது. மனுவின் பிரதியில் தேதியும் முத்திரையும் இட்டு வாங்கி வைத்துக்கொள்வது நன்று. அந்த நாட்கள் கழியுமுன் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாகாது. வாங்குபவர் எவ்வளவு அவசரப்படுத்தினும் இணங்கக்கூடாது.

நான்காவதாக, துப்பாக்கியைக் கொடுக்கும்பொழுது வியாபாரி தம் ரிஜிஸ்தரில் அதைப் பதிந்துகொண்டு, நம்பர் குறித்த ரசீது தருவார். மீதமுள்ள தோட்டாக்களும் சட்டத்துக்கு உட்பட்டவையே. அவற்றை எண்ணி, அவற்றின் தொகையையும் மனுவிலும் ரசீதிலும் குறிக்கச் செய்ய வேண்டும். பிறகு அந்த ரசீதுடன் லைசென்ஸ் அதிகாரியிடம் சென்று, லைசென்ஸிலிருந்து அத்துப்பாக்கியை நீக்கச் செய்தாலன்றிக் காரியம் முற்றுப்பெறாது. துப்பாக்கி கைவிட்டுப் போனபின்னும் நம்பர் தம் பெயரில் நிற்குமானால், பின்னால் அது எங்கே அகப்பட்டாலும் விசாரணை முதலில் அவர் வீட்டுக்கே வரும்.

மனுச் செய்ய வேண்டிய அதிகாரி யார் என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 2019-ஆம் வருஷம் நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே பழைய லைசென்ஸில் காஞ்சிபுரம் கலெக்டர் கையெழுத்து இருப்பினும், கிராமம் இப்பொழுது செங்கற்பட்டில் சேர்ந்திருக்கலாம். போலீஸ் கமிஷனர் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் கமிஷனரே லைசென்ஸ் அதிகாரியாவார்.

லைசென்ஸ்தாரர் இறந்தபின் செய்ய வேண்டியது

கிராமங்களில் மிகுதியாகத் தவறு நேரிடுவது இவ்விஷயத்திலேயாகும். ஒரு குடியானவர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை விட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனைவிக்கு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்படுகிறது. "அண்ணி, இதை அடகுக் கடையில் வைத்தால் இன்றைக்கே பணம் கிடைக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கொழுந்தனார் யோசனை கூறுகிறார். கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. ஆயினும் அந்த யோசனைப்படி நடந்தால் அவ்வம்மாளும், கொழுந்தனாரும், கடைக்காரரும் மூவருமே குற்றவாளிகளாவர்.

லைசென்ஸ் என்பது ஒரு மனிதருக்குக் கொடுக்கப்பட்டது, வீட்டுக்குக் கொடுக்கப்பட்டதன்று. அவர் இறந்தவுடன் அதன் பலன் நின்றுவிடும். அப்பொழுது துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, விதிகளுக்கு உட்பட்டு லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டத்தின் 21-ஆம் பிரிவு. தேர்தல் காலத்தில் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்ற அனுபவம் பல குடும்பங்களுக்கு உண்டு, இதுவும் அதுபோன்றதே.

ஒப்படைத்தால் துப்பாக்கி சர்க்காருக்குப் போய்விடும், பணமும் கிடைக்காது என்ற அச்சத்தினாலேயே பலர் அதை ஒளித்து வைக்கின்றனர். அந்த அச்சம் ஆதாரமற்றது. ஒப்படைத்தவர் இறந்திருந்தாலும், அவருடைய சட்டப்படியான வாரிசு, விதிகளில் குறித்த காலத்துக்குள், அத்துப்பாக்கியை உரிமையுள்ள ஒருவருக்கு விற்கச் செய்து, அதன் கிரயத்தைத் தாமே பெற்றுக்கொள்ளலாம் என்று அதே 21-ஆம் பிரிவு கூறுகிறது. அந்தக் காலம் கடந்த பின்னரே அது பறிமுதலுக்கு உரியதாகும். ஆகவே மேற்படி அம்மாளுக்கு நஷ்டம் உண்டாக்குவது ஒப்படைப்பதன்று, ஒப்படைத்துவிட்டு மறந்திருப்பதே. கணவரின் மரணச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றுடன் உடனே மனுச் செய்துகொள்வது அவசியம்.

விற்க மனமில்லாத வாரிசு, தம் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம். 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் உயிருடன் இருக்கும்பொழுதே, அவருக்கு 70 வயது நிரம்பியபின், அல்லது அவர் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தபின், இவற்றில் எது முந்தியதோ அப்பொழுது, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கவும் வழியுண்டு. வாரிசுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019-ஆம் வருஷம் டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. முன்பு அந்த அளவு மூன்றாக இருந்தது. பரம்பரையாக வந்த துப்பாக்கியும் இக்கணக்கில் சேரும்.

விலையைப் பற்றி

பழைய துப்பாக்கிக்குப் பெரிய விலை கிடைக்கும் என்று நம்பியிருப்பது சரியன்று. லைசென்ஸ் உடையவரே வாங்க முடியும். அவரும் இரண்டுக்கு மேல் வைத்திருக்க இயலாது. ஆகவே விற்பவர் பலராகவும் வாங்குபவர் சிலராகவும் உள்ளனர். துப்பாக்கியைச் செய்த கம்பெனி, குழலின் உட்புறத்தில் துரு அரித்திருத்தல், கட்டையின் நிலை, நம்பர் தெளிவாகத் தெரிதல் முதலியவற்றைப் பொறுத்து விலை ஏறும் அல்லது இறங்கும். இரண்டு வியாபாரிகளிடமாவது விலை கேட்டறிவது நலம். வியாபாரியிடம் ஒப்படைத்து வைப்பதானால், அவர் காப்புக் கட்டணம் எவ்வளவு விதிப்பார் என்பதை முன்னமே எழுத்தில் பெற வேண்டும். மாதக்கணக்கில் விட்டுவைத்தால் கட்டணமே கிரயத்தை விழுங்கிவிடக்கூடும்.

செய்யத்தகாதவை

துருவை நீக்குவதாக எண்ணித் துப்பாக்கியின் நம்பரை அரத்தால் தேய்த்துவிடலாகாது. அது தனிக் குற்றமாகும். லைசென்ஸ்தாரரின் மகன் அவர் சார்பில் துப்பாக்கியைச் சென்னைக்கு எடுத்துச் சென்று விற்று வரலாகாது. லைசென்ஸ் இல்லாதவர், லைசென்ஸ்தாரர் உடன் இல்லாதபொழுது, அவருடைய எழுத்து மூலமான அதிகாரத்துடன் எடுத்துச் செல்வது பழுது பார்ப்பதற்கும், லைசென்ஸ் புதுப்பிப்பதற்கும், அவருடைய உபயோகத்துக்கும் மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளது. பழைய தோட்டாக்களைத் தீயிலிடுவதும், கிணற்றிலெறிவதும், குழந்தைகள் கையில் விடுவதும் பேராபத்து. பழுதுபார்த்தாலும் வெடிக்க இயலாத பழங்காலத் துப்பாக்கிக்குச் சட்டம் விலக்களித்துள்ளது உண்மையே. ஆனால் தம் துப்பாக்கி அவ்வகையைச் சேர்ந்தது என்று தாமே தீர்மானித்துக்கொள்ளாமல் அதிகாரிகளைக் கேட்டறிய வேண்டும்.

சட்டத்தை மீறி ஆயுதம் விற்போருக்கும் மாற்றிக் கொடுப்போருக்கும் 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி தண்டனை 7 வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம். அது ஆயுள் வரை நீளலாம். அடகுக் கடையில் கிடைக்கும் தொகை எதுவாயினும், அதற்கு இது பெரும் வட்டியன்றோ!

அவசரப் பணத்துக்கு வேறு வழி

துப்பாக்கியை விற்க 45 நாட்களாவது செல்லும். அதற்குள் பணம் தேவைப்படுமாயின், நகை ஈட்டின்மேல் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் பெறலாம். பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவு நாணயச் சங்கம் அமைந்த காலந்தொட்டு, குடியானவரின் அவசரத் தேவைகளுக்கே இச்சங்கங்கள் ஏற்பட்டுள்ளன. துப்பாக்கி விற்ற கிரயம் வந்தபின் அக்கடனை அடைத்து நகையை மீட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் துப்பாக்கி உள்ள ஒவ்வொரு குடும்பத்தாரும் இன்றே லைசென்ஸ் புஸ்தகத்தை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார்ப்பாராக. அது எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை வீட்டுப் பெண்மக்களும் அறிந்திருத்தல் வேண்டும். குடும்பத் தலைவர் இறந்தபின் போலீஸ் நிலையத்துக்கும் தாசில்தார் கச்சேரிக்கும் செல்ல வேண்டியவர் பெரும்பாலும் அவர்களேயாவர்.