இசைத்தாளில் ஒளிந்த படை ரகசியம்! ஜோசஃபின் பேக்கரைத் தெரியுமா?

பாட்டுக் கச்சேரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, உலகப் போரின் நடுவே உளவு வேலை பார்த்த நட்சத்திரத்தைத் தெரியுமா?

1940 நவம்பர். பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பாரிஸின் உச்ச நட்சத்திரமான ஜோசஃபின் பேக்கர் லிஸ்பனுக்குக் கிளம்பினார். பெட்டிகளில் இசைத்தாள்கள். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத மையில் ஜெர்மன் படைகளைப் பற்றிய தகவல்கள்! கூடவே 'செயலாளர்' போலப் போனவர் ஜாக் அப்டே, பிரெஞ்சு உளவு அதிகாரி. பின்னாளில் வட ஆப்பிரிக்காவில் சுற்றியபோது, ஜோசஃபின் குறிப்புகளை உள்ளாடையில் ஊசி குத்தி எடுத்துப் போயிருக்கிறார். இவ்வளவு புகழ்பெற்ற பெண்ணை யார் சோதனை போடுவார்கள்? அந்தத் துணிச்சலை நினைத்தாலே சிலிர்க்கிறது!

அங்கே காசாபிளாங்காவில் கடும் நோயில் பல மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இறந்துவிட்டார் என்றே செய்தி பரவியது. எழுந்து வந்து, போர்வீரர்களுக்காக மறுபடி பாடினார்! போர் முடிந்ததும் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்களுக்கான எதிர்ப்பியக்கப் பதக்கத்தை பிரான்ஸ் அவருக்கு அளித்தது.

இத்தனைக்கும் பிரான்ஸ் அவர் பிறந்த மண் அல்ல. 1906-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், வறுமையில் பிறந்தவர். எட்டு வயதிலேயே வெள்ளையர் வீடுகளில் வீட்டு வேலை. 13 வயதில் முதல் திருமணம். 1917-ல் ஆற்றுக்கு அக்கரையில், கிழக்கு செயின்ட் லூயிஸில், கறுப்பின மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டபோது அவருக்குப் பதினொரு வயது. அந்த நினைவு கடைசிவரை அவரை விடவில்லை.

1925-ல், 19 வயதில், பாரிஸ் மேடை ஏறினார். ஒரே இரவில் ஊரெல்லாம் அவர் பேச்சு! மறுவருடம் வாழைப்பழப் பாவாடை நடனம். கழுத்தில் வைரப் பட்டையோடு 'சிக்கிட்டா' என்றொரு சிவிங்கிப்புலியையும் வளர்த்தார். அது மேடையிலிருந்து வாத்தியக்காரர்கள் நடுவே தாவி அவர்களை அலறவிடுமாம்! 1934-ல் 'ஸூஸூ' படத்தின் நாயகி. கறுப்பினப் பெண் ஒருவர் முழுநீளப் படத்தின் நாயகியாவது அன்று எவ்வளவு அபூர்வம்!

அந்தப் புகழை வைத்து அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1951-ல் மியாமியில் ஆடக் கூப்பிட்டபோது ஒரே நிபந்தனை: கறுப்பர், வெள்ளையர் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். இல்லையென்றால் மேடை ஏற மாட்டேன்! அரங்கம் பணிந்தது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில், சுதந்திர பிரெஞ்சுப் படையின் சீருடையில் பதக்கங்கள் மின்ன நின்று பேசினார். மார்ட்டின் லூதர் கிங் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றிய அதே நாள், அதே மேடை!

வெவ்வேறு நாடுகளில் பிறந்த 12 குழந்தைகளைத் தத்தெடுத்து, மிலாந்த் கோட்டையில் 'வானவில் குடும்பம்' என்று வளர்த்தார். கடன் கழுத்தை நெரித்தது. கோட்டையே கைவிட்டுப் போனது. கைகொடுத்தவர் யார் தெரியுமா? மொனாக்கோ இளவரசி கிரேஸ், முன்னாள் ஹாலிவுட் நாயகி கிரேஸ் கெல்லி!

1975 ஏப்ரலில், 68 வயதில், பாரிஸின் போபினோ அரங்கில் தன் கலைவாழ்வின் 50 ஆண்டுகளைக் கொண்டாடி ஆடினார். முதல் காட்சி முடிந்த நான்கே நாளில், ஏப்ரல் 12 அன்று மறைந்தார். 2021 நவம்பர் 30 அன்று, பிரான்ஸின் மாமனிதர்களுக்கான பாந்தியோன் நினைவாலயத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். போபினோவுக்குப் பக்கத்து மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் இன்று அவர் பெயர் இருக்கிறது.